பழைய ரைஃபிளைக் கழுவ வெந்நீரா, பாட்டில் சால்வெண்டா? நீலகிரிக் குளிருக்கு ஓர் ஒப்பீடு

எஸ்டேட் வீடுகளிலும் பழைய லைசென்ஸ் குடும்பங்களிலும் இன்னும் இருக்கிற துப்பாக்கிகள் பெரும்பாலும் மூன்று வகை: கரிமருந்துக் (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்து) காலத்து மார்ட்டினி ரைஃபிள் அல்லது .500 (குழல் விட்டம், அங்குலத்தில்) எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல்; கார்டைட் (பின்னால் வந்த, புகை குறைந்த நைட்ரோ வெடிமருந்து) காலத்து நைட்ரோ ரைஃபிள்; லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்பில் செய்த .315. வேட்டை 1972 சட்டத்தோடு முடிந்தது. ஆகவே அனுமதி பெற்ற ரேஞ்சில் இலக்குப் பலகையில் சுடுவதும், சுட்டபின் குழலைக் காப்பாற்றுவதும்தான் வேலை. இரண்டாவது வேலையில்தான் நம் மலையில் குழல்கள் கெடுகின்றன.

சுத்தம் செய்ய இரண்டு கட்சிகள் உண்டு. கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்று என்பது ஒன்று. இரும்பில் தண்ணீரா, பாட்டிலில் வரும் சால்வெண்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) போதும் என்பது மற்றொன்று. எங்கள் வீட்டுத் தேர்வு வெந்நீர். சால்வெண்டையும் தூக்கி எறியவில்லை. அதற்குரிய இடம் வேறு.

வசதியில் சால்வெண்ட் வெல்கிறது, அதில் வாதமே இல்லை. வாளி வேண்டாம், அடுப்பு வேண்டாம், மரப்பாகம் நனையாது, மேசையில் வைத்தே முடித்துவிடலாம். செலவில் வெந்நீர் வெல்கிறது. இந்த இரண்டையும் வைத்து யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை. முடிவு செய்கிற விஷயம் ஒன்றே: குழலுக்குள் தங்குகிற உப்பு எதில் கரையும்?

பழைய ரவைகளின் (தோட்டாக்களின்) கேப்பில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு ஆகி, கண்ணுக்குத் தெரியாத பூச்சாகக் குழல் முழுக்கப் படியும். நைட்ரோ மருந்தின் அமிலம்தான் குழலைத் தின்கிறது என்று நெடுநாள் நம்பினார்கள். கேப் விட்டுப்போகும் இந்த உப்புதான் காரணம் என்று 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வு காட்டியது. பழைய நம்பிக்கையின் மிச்சம் இன்றும் உலவுகிறது: அம்மோனியா கலந்த சால்வெண்ட் அமிலத்தை முறித்துவிடும் என்பார்கள். முறிக்க அங்கே அமிலமே இல்லை. பொட்டாசியம் குளோரைடு நடுநிலை உப்பு. அதைக் கரைத்து வெளியே கொண்டுபோவது ஒன்றே வழி.

அது எண்ணெயில் கரையாது, பெட்ரோலில் கரையாது, மண்ணெண்ணெயில் கரையாது. தண்ணீரில் கரையும்: 20 டிகிரியில் 100 மில்லிக்கு சுமார் 34 கிராம், 100 டிகிரியில் 56 கிராமுக்கு மேல். ஒரு நாள் சுட்டதில் குழலில் தங்கும் உப்பு மிகச் சிறிய அளவு. அரை லிட்டர் தண்ணீருக்கே அது ஒரு பொருட்டில்லை. ஆனால் மண்ணெண்ணெய் அடிப்படையிலான சால்வெண்டை எத்தனை துணியில் நனைத்து இழுத்தாலும் கரி போகும், மெழுகு போகும், உப்பு இருந்த இடத்தில் இருக்கும். துணி வெள்ளையாக வரும். மனம் நிறையும். குழல் கெடும்.

இது சமவெளியில் சிலருக்குத் தப்பிவிடுகிறது, நமக்குத் தப்பாது. உப்பு தானாக அரிப்பதில்லை. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தண்ணீராகும்போதுதான் இரும்பைத் தொடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வது போலத்தான். பொட்டாசியம் குளோரைடு ஈரம் இழுத்துக் கரைவது காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டும்போது. கோவையில் கோடை நாளில் அந்த அளவு வராது. ஒரு வாரம் கழுவாமல் வைத்த குழலும் பளபளப்பாக நிற்கும், உடையவர் தன் முறை சரி என்று நினைப்பார். அதே குழலை ஜூலையில் ஊட்டிக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கும் வீட்டில் ஓர் இரவு போதும், காடியின் (குழலுக்குள் சுழன்றோடும் பள்ளத்தின்) ஓரங்களில் பழுப்புப் புள்ளி தெரியும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே கதை. கொடைக்கானலுக்கும் இது பொருந்தும்.

கரிமருந்துக்கு நிலைமை இன்னும் மோசம். சுட்ட கரிமருந்தில் பாதிக்கு மேல் எடை வாயுவாகப் போகாமல் திடக்கழிவாகிறது. அதில் பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட். அது ஈரம் இழுக்க 43 சதவீதம் ஈரப்பதமே போதும். அதாவது மார்ட்டினிக்காரருக்குக் காய்ந்த நாள் என்று ஆண்டில் சில வாரங்களே உண்டு. பிப்ரவரியில் பனி விழுந்து வெயிலடிக்கும் நாளில்கூட நம்பி விடக்கூடாது. வீடு திரும்பும்வரை காத்திருக்காமல், ரேஞ்சிலேயே ஈரத்துணியை இரண்டு தடவை இழுத்துவிட வேண்டும்.

வெந்நீர் முறை இது. ரவை இல்லை என்று சேம்பரையும் (ரவை அமரும் அறை) மேகசினையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்த துணியைப் புல்த்ரூவில் (குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) இரண்டு முறை இழுங்கள். கயிறு குழல் வாயின் ஓரத்தில் உரசாமல் நேராக வரவேண்டும். கயிறு தேய்த்துக் கோணலான வாய் திரும்ப வட்டமாகாது. என்சிசியில் இருந்தவர்களுக்குச் சிந்தித் துணியின் (துப்பாக்கி துடைக்கும் துண்டுத் துணி) அளவு நினைவிருக்கும்: துடைக்க 4-க்கு 2 அங்குலம், எண்ணெய் போட 4-க்கு ஒன்றரை. அதே அளவு .303-க்கும் .315-க்கும் சரியாக வரும். .500 குழலுக்கு அதைவிடப் பெரிதாக வெட்டவேண்டும்.

பிறகு குழல் வாயை வாளிக்குள் கீழ்நோக்கி வைத்து, நீண்ட மூக்குள்ள புனலைப் பின்பக்கத்திலிருந்து சேம்பருக்குள் நுழைத்துவிடுங்கள். புனலின் மூக்கு சேம்பரைத் தாண்டிக் குழலுக்குள் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மேகசினுக்குள்ளும் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவிலும் வழியும். அங்கே பிடிக்கும் துரு வெளியே தெரியாது, மரத்தைக் கழற்றும் நாளில்தான் தெரியும். இரண்டு லிட்டரை மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வரும். கரிமருந்தாக இருந்தால் அழுகிய முட்டை வாசம் அடிக்கும், அது பொட்டாசியம் சல்பைடு. கடைசி ஊற்றல் கண்ணாடியாக இறங்கவேண்டும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். அது குறையில்லை, உப்பு கரைய அது தாராளம். சூட்டின் உண்மையான வேலை வேறு: குழலைச் சூடாக்கினால் அது தானே காயும். டிசம்பர் காலையில் 8, 10 டிகிரியில் கிடக்கும் ஒன்றரைக் கிலோ இரும்பைச் சூடாக்கவே முதல் அரை லிட்டர் செலவாகும். ஆகவே கெட்டிலை அடுப்பிலேயே வைத்திருந்து, கடைசி ஊற்றலை ஆகக் கொதிப்பாக ஊற்றவேண்டும். குழலை வெறும் கையால் பிடிக்க முடியாத சூடு வந்தால் சரி. வெந்நீர் முறையைத் திட்டுபவர்களில் பலர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றியவர்கள். அது குழலைக் காயவிடாமல் நனைத்தே வைத்திருக்கும். சில நிமிடத்தில் ஆரஞ்சு நிறப் படலம் வரும். நன்றாகக் கொதித்த நீரிலும் முதல் காய்ந்த துணியில் லேசாக ஆரஞ்சு ஒட்டும். எண்ணெய்த் துணி ஒன்று இழுத்தால் போய்விடும், குழிப்புள்ளி விழாது.

நான்கைந்து காய்ந்த துணி. சேம்பர் குழலைவிட அகலம், புல்த்ரூ அதைத் தொடாது. குச்சியில் துணி சுற்றித் தனியாகத் துடைக்கவேண்டும். போல்ட் முகம், ஸ்ட்ரைக்கர் (கேப்பை அடிக்கும் ஊசி) முனை, எக்ஸ்ட்ராக்டரின் (காலிக் கூட்டை இழுக்கும் கொக்கி) அடிப்பக்கம் மூன்றிலும் கேப் வாயு பட்டிருக்கும். ஈரத்துணி, காய்ந்த துணி, எண்ணெய் என்ற வரிசையில் முடியுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றச் செய்த பொருள், இந்த இடத்தில் ஒரு தெளிப்பு நல்லது. ஆனால் அதையே காப்பு எண்ணெயாக விட்டுவிடக் கூடாது. குழல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் நல்ல துப்பாக்கி எண்ணெய் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் குளிரில் போல்ட்டுக்குள் கட்டியாகி ஸ்ட்ரைக்கரின் வேகத்தைக் குறைக்கும், பிறகு சிக்குப் பிடிக்கும்.

மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு துணி இழுத்துப் பாருங்கள். பழுப்பு வந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது, வெந்நீரை மறுபடி ஊற்றவேண்டும். பெரும்பாலும் இதற்குக் காரணம் உலோகப் படிவு. இங்கேதான் சால்வெண்ட் தன் இடத்தைப் பிடிக்கிறது. பழைய குண்டுகளின் குப்ரோ-நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) உறை குழலில் ஒட்டிப் பூச்சாகும். உப்பு அதற்கடியில் சிறைப்பட்டால் தண்ணீர் எட்டாது. அம்மோனியா உள்ள சால்வெண்ட் செம்பைக் கரைத்து அந்தப் பூச்சை எடுக்கும். நிக்கல் கலந்ததற்குப் பொறுமை அதிகம் வேண்டும், ஒரே முறையில் போகாது. அம்மோனியாவைக் குழலில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. அது முடிந்தபின் மறுபடி வெந்நீர். வரிசை எப்போதும் தண்ணீர், சால்வெண்ட், தண்ணீர், எண்ணெய். ஈயக் குண்டு மட்டும் சுடும் மார்ட்டினிக்கு அம்மோனியாவால் பயனில்லை, வெண்கலப் பிரஷ்தான்.

பாட்டில்களில் ஒரு வகைக்கு விலக்கு தரவேண்டும். பாலிஸ்டால், யங்ஸ் .303 போன்ற துப்பாக்கி எண்ணெய்கள் தண்ணீரோடு கலந்து பால் போல வெளுக்கும். ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர் சேர்த்த பாலிஸ்டால் உப்பையும் எடுக்கும், எண்ணெய்ப் படலத்தையும் விட்டுப்போகும். கோவை லேத் பட்டறைகளில் கிடைக்கும் சால்யுபிள் கட்டிங் ஆயிலும் இதே வேலையை மிகக் குறைந்த விலையில் செய்கிறது. ரேஞ்சில் அடுப்பு இல்லாத இடத்துக்கு இதை ஒரு பாட்டிலில் கலந்து கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான் என்பதால், நீர்க்காமல் போட்டால் பாதிப் பலன்தான்.

பெட்டியில் துரு பிடிக்காத கேப் என்று தெளிவாக அச்சிட்ட புது ரவை மட்டுமே சுடுகிறீர்கள் என்றால் வெந்நீர் அவசியமில்லை, சால்வெண்டே போதும். அச்சு இல்லாத எதையும், பழைய கார்டைட் ரவை எதையும், உப்புக் கேப் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கார்டைட் நம் அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாகச் செய்த மருந்து. குழலின் காடியை அதன் சூடு அரிக்கும், அதனால்தான் பிரிட்டிஷ் ராணுவத்தில் மெட்ஃபர்டு என்ற பழைய காடி வடிவத்தை விட்டு 1895-இல் என்ஃபீல்டு வடிவத்துக்கு மாறினார்கள். ஆனால் துருவுக்குக் காரணம் அது இல்லை.

இரட்டைக்குழலில் ஒரு எச்சரிக்கை. குழலைக் கழற்றி வாளியில் நிறுத்தி, குச்சியில் துணி சுற்றிப் பம்பு போல நீரை ஏற்றி இறக்கலாம், மிக எளிது. குழல்களை ஒட்டியிருக்கும் ஈயப்பற்று 180 டிகிரிக்கு மேல்தான் இளகும், வெந்நீருக்கு அசையாது. துருவேற்றிக் கறுப்பாக்கிய நிறத்துக்கும் கெடுதல் இல்லை, அந்த வேலையே குழலைக் கொதிநீரில் வேகவைத்து முடிப்பதுதான். ஆனால் இரு குழலுக்கும் நடுவிலுள்ள ரிப்பில் (இணைப்புப் பட்டையில்) சிறு விரிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். குழலைத் தொங்கவிட்டு விரலால் சுண்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் பற்று சரி. மந்தமாக ஒலித்தால் வாளியில் இறக்காமல், நனைத்துப் பிழிந்த துணியோடு நிறுத்திக்கொண்டு துப்பாக்கிப் பட்டறையில் காட்டுங்கள். டமாஸ்கஸ் (இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த) குழல்களைப் பொறுத்தவரை எங்கள் அனுபவம் குறைவு, அதனால் அங்கே வெந்நீரைச் சிபாரிசு செய்யத் துணியவில்லை.

வைப்பதற்கு தோல் உறையும் கான்வாஸ் உறையும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய அலமாரியில் நிமிர்த்தி, உள்ளே சிறு பல்பு ஒன்று எரியவிட்டால் நம் வீடுகளில் போதும்.

பிரிட்டனில் மார்ட்டினிக்காரர்கள் தாங்களே ரவை நிரப்புகிறார்கள். இங்கே அதற்குத் தனி உற்பத்தி லைசென்ஸ் வேண்டும், ரைஃபிள் லைசென்ஸ் போதாது. ஆனால் அவர்களின் ஒரு பழக்கம் காலிக் கூடுகளைச் சேர்த்து வைக்கும் எவருக்கும் பொருந்தும்: கரிமருந்து சுட்ட பித்தளைக் கூட்டைச் சுட்ட இடத்திலேயே சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால் உள்ளே கறுத்துப் பச்சை பூக்கும். பாதரசக் கேப் போட்ட பழைய ரவையின் கூடு எப்படிக் கழுவினாலும் தேறாது. பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்க வைத்திருக்கும், அதை மறுபடி நிரப்புவதற்கென்று எடுத்து வைக்கக் கூடாது.