மணப்பெண் படம்: ஸ்டுடியோவா, ஏற்காடா, வீட்டு ஜன்னலா?

கல்யாணப் பட்டு எடுக்கப் போகும் குடும்பத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு சித்தியோ அத்தையோ, பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவார். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே குங்குமச் சிவப்பாக இருக்கும். உள்ளே பொருந்திய ரவிக்கைத் துணி வெளியே பொருந்தாமல் போகும். விளக்கு மாறினால் நிறம் மாறும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததல்ல. அவ்வளவு பார்த்து வாங்கிய புடவையைப் படம் எடுக்கும்போது மட்டும் எந்த விளக்கானாலும் சரி என்று விட்டுவிடுகிறோம்.

தங்கையின் தனிப்படங்களை எங்கே எடுப்பது என்ற பேச்சு வந்தபோது ஸ்டுடியோ, ஏற்காடு, சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு வடக்கு ஜன்னல் என்று மூன்று வழிகள் இருந்தன. ஜன்னலைத் தேர்ந்தெடுத்தோம், படங்களையும் நானே எடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் மனம் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. செலவில் வீடு மலிவு, அலைச்சலில் ஏற்காடு அதிகம் என்பதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. நான் பேச நினைப்பது நிறத்தைப் பற்றி.

முதலில் ஏற்காடு. அங்கே நான் மணப்பெண்ணை எடுத்ததில்லை. உறவுக்காரர்களின் ஆல்பங்களைப் பார்த்தும், மலையில் மற்றவர்களைப் படம் எடுத்த பழக்கத்திலும்தான் சொல்கிறேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி இறங்கும் நேரத்தில் கிடைக்கும் ஒளி மிக மென்மையானது. அதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் பனி நம் முகூர்த்த நேரம் பார்த்து வருவதில்லை. வெயில் நாளில் திறந்த வெளியில் ஒளி தலைக்கு மேலிருந்து விழுவதால் கண்குழிகள் கறுத்துப்போகும். சரி, நிழலுக்குப் போகலாம் என்று காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நிறுத்தினால், சுற்றியுள்ள இலைகளின் பச்சை கன்னத்திலும் கழுத்திலும் ஏறிவிடும். நகை, பூ, ஜடை அலங்காரத்தோடு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்த பெண்ணின் முகத்தில் களைப்பும் தெரியும். கல்யாணம் முடிந்து தம்பதியாகப் போய், இலகுவான உடையில் எடுத்துக்கொள்ள அந்த இடம் அருமை. பட்டும் ஜரிகையுமாகத் தனியே ஒரு பெண்ணை எடுக்க நான் அங்கே போகமாட்டேன்.

ஸ்டுடியோவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. நல்ல ஸ்டுடியோ ஃபிளாஷின் ஒளி பகல் ஒளியின் நிறத்தை ஒட்டியே, ஏறக்குறைய 5,500 கெல்வினில் இருக்கும் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம்). அதைப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் வெள்ளைத் துணிப் பெட்டி) வழியாகப் பக்கவாட்டில் விட்டால் ஜன்னல் ஒளிக்கு மிக அருகில் வரும். மின்விளக்கு பரவுவதற்கு முன் இருந்த 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்கள் பலவும் கண்ணாடிக் கூரையும் பெரிய ஜன்னலும் வைத்துத்தான் கட்டப்பட்டன. அதனால் பக்கவாட்டு ஒளியில் எடுக்கும் ஸ்டுடியோ கிடைத்தால் தயங்காமல் போகலாம். மழை நாளானாலும் இரவானாலும் அங்கே கவலையில்லை. பத்துப் பேர் சேர்ந்து நிற்கும் குடும்பப் படத்துக்கும் அதுவே சரி.

எங்களுக்குக் காட்டப்பட்ட மாதிரிப் படங்களில் இரண்டு குறைகள் இருந்தன. இரு பக்கமும் குடை விளக்கு வைத்து முன்னாலிருந்து சமமாக ஒளி அடித்திருந்தார்கள். அதில் நிழல் இல்லை, நிழல் இல்லாததால் முகத்துக்கு வடிவமும் இல்லை. இரண்டாவது, மாநிறப் பெண்கள் எல்லோரையும் கணினியில் வெளுப்பாக்கியிருந்தார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. தங்கையின் நிறம் எங்கள் அப்பாவின் நிறம். கல்யாண ஆல்பத்தில் அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

வடக்கு ஜன்னல் அந்த நிறத்தை அப்படியே கொடுத்தது. எங்கள் கல்யாணம் தை மாதத்தில். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதி வரை சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்தே போவதால், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. வானத்தின் ஒளி மட்டும் வரும். கம்பி நிழலும் முகத்தில் விழாது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஸ்டூலில் உட்கார வைத்து, முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். மூக்குத்தி இருக்கும் பக்கம் ஜன்னலைப் பார்த்திருந்தால் கல் உயிரோடு மின்னும். மறுபக்கக் கன்னம் அதிகம் இருண்டால், ஒரு வெள்ளை எட்டு முழ வேட்டியை யாராவது விரித்துப் பிடித்தால் போதும், நிழல் இளகிவிடும்.

அவள் உடுத்தியிருந்தது மயில்கழுத்து நிற நிச்சயதார்த்தப் பட்டு. பாவு (நீள இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) பச்சை. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததால் முந்தானை மடிப்பின் ஒரு சரிவு நீலமாகவும் மறு சரிவு பச்சையாகவும் படத்தில் பதிந்திருக்கிறது. அதே புடவையை நிச்சயதார்த்த மேடையில் முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்த படமும் இருக்கிறது. அதில் மடிப்புகள் தட்டையாகி, இரண்டும் கலந்த ஒரே நிறமாகத் தெரிகிறது. கொலுசும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் எடுத்த வெள்ளிக் கொலுசின் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழல் பக்கமும் கிடைத்ததால் எண்ணிவிடலாம் போல இருக்கிறது.

இதெல்லாம் ஒரு நிபந்தனையோடுதான் கிடைக்கும்: அறையில் வேறு விளக்கு எரியக் கூடாது. மஞ்சள் பல்பு சுமார் 2,700 கெல்வின். ஜன்னல் ஒளி அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெள்ளை வெள்ளையாகவே பதிய கேமராவில் வைக்கும் வெள்ளைச் சமநிலையை இரண்டில் ஒரு ஒளிக்குத்தான் வைக்க முடியும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் போகும். பிறகு கணினியில் சீராக்குவது பெரும்பாடு. எங்கள் அத்தை மூன்று முறை வந்து, ‘கண்ணு, இருட்டாக இருக்கிறதே, லைட்டைப் போடட்டுமா?’ என்று கேட்டார். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800, தேவைப்பட்டால் 1,600 வரை ஏற்றிக்கொள்ளலாம், அதிக ஒளியை உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் தாராளம். ஐஎஸ்ஓ ஏறியதால் படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிவது, கை ஆடிய படத்தைவிட எவ்வளவோ மேல்.

சுவரையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பிஸ்தா பச்சை டிஸ்டெம்பர் சாதாரணம். அதுவும் மலையின் இலைகளைப் போலவே முகத்தில் பச்சையைக் கொட்டும். ஒளி பட்டுத் திரும்பும் சுவரை ஒரு வெள்ளைத் துணியால் மறைத்துவிட வேண்டும். எதிர்வீட்டுச் சுவர் அடர்நிறமாக இருந்தால் கீழ்க்கதவைச் சாத்தி, வானம் தெரியும் மேற்பாதியை மட்டும் திறந்து வைக்கலாம்.

ஜன்னலின் பெரிய குறை நேரம். முகூர்த்தம் விடிகாலை என்றால் அன்று வீட்டில் பகல் வெளிச்சமே கிடைக்காது. முதல் நாள் மாலை வரவேற்புக்காக அலங்காரம் முடித்து மண்டபத்துக்குக் கிளம்பும் முன், பிற்பகலில் எடுப்பதுதான் வழி. முகூர்த்தப் புடவையை முன்கூட்டியே உடுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் நிச்சயதார்த்தப் பட்டு. கூறைப்புடவையில்தான் படம் வேண்டும் என்பவர்களுக்கு ஜன்னல் ஒத்துவராது. அவர்கள் மண்டபத்திலேயே நல்ல ஃபிளாஷ் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், வைகாசியில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். அப்போது வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும். தெற்கு ஜன்னல்தான் நாள் முழுவதும் நிழலில் இருக்கும். வைகாசியில் நான் எடுத்துப் பார்த்ததில்லை என்றாலும், அந்த மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தெற்கு அறையைக் காலி செய்து வைத்தால் சரியாக வரும். கிழக்கும் மேற்கும் மட்டுமே ஜன்னல் உள்ள வீட்டில் காலையில் மேற்கு, பிற்பகலில் கிழக்கு. நேர் வெயிலைத் தவிர்க்கவே முடியாவிட்டால், வெள்ளை மல் துணியை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டுங்கள். கலர் திரை மட்டும் வேண்டாம்.