பழைய ஜப்பான் டயரா, புது தாய்லாந்து டயரா?

ரங்கூனில் டயர் மாற்றப் போனால் கடைக்காரர் இரண்டு வகை எடுத்துக் காட்டுவார். ஜப்பானில் கழற்றி இங்கே வந்து இறங்கிய பழைய டயர் ஒன்று. தாய்லாந்திலோ சீனாவிலோ செய்த புது டயர் இன்னொன்று. எங்கள் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காருக்கு நாலையும் மாற்ற வேண்டி வந்தபோது தாய்லாந்து டயரைத்தான் போட்டேன். டயரின் வயதுதான் காரணம்.

பழையதில் பணம் மிச்சம், அதைச் சொல்லவே வேண்டாம். ஜப்பான் சரக்கு தரமானது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. “அண்ணே, பள்ளத்தைப் பாருங்க, அப்படியே புதுசு” என்று கடைத் தம்பி சொல்வதும் பல நேரம் உண்மைதான். புது டயரில் ரோட்டைத் தொடும் பக்கத்துப் பள்ளம் 8 மில்லிமீட்டர் ஆழம் வாக்கில் இருக்கும், 1.6க்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். பழைய டயரில் 6 மில்லிமீட்டர் நின்றால் வாங்கத்தான் தோன்றும்.

ஆனால் பள்ளம் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் வெயிலும் சேர்ந்து அதை இறுகச் செய்யும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டையோடு ரப்பருக்கு உள்ள பிடியும் தளரும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. கறுப்புப் பாலிஷ் தடவி அடுக்கியிருந்தால் பக்கவாட்டு வெடிப்புகூடக் கண்ணில் படாது. டயரின் பக்கச் சுவரில், எழுத்தும் எண்ணுமாக ஓடும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 3518 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பத்து வருடம் ஆனால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு அந்தப் பத்தை நான் நம்பமாட்டேன், ஆறோடு நிறுத்திக்கொள்வேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மாண்டலே எக்ஸ்பிரஸ் ரோடு. ரங்கூனிலிருந்து மாண்டலே வரை 360 மைலுக்கு மேல், பெரும்பாலும் கான்கிரீட். சித்திரை வெயிலில் மெய்த்திலா பக்கம் காற்றே 40 டிகிரியைத் தாண்டும், ரோடு அதைவிடக் கொதிக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் விடாமல் ஓடும்போது பிடி தளர்ந்த டயரின் மேல்பட்டை உரிந்துகொண்டு போய்விடும். முன்சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் போகிறவர்கள் டயரின் பிறந்த தேதி தெரியாமல் கிளம்பவே கூடாது. 115ஆவது மைலில் சாப்பிட நிறுத்தும்போது நாலு டயரையும் சுற்றி வந்து பாருங்கள். எங்காவது புடைப்பு தெரிந்தால் அந்த டயரில் மேலே போகாதீர்கள்.

பழைய ஜப்பான் அடுக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனிக்காலத்துக்கென்று செய்த ஸ்டட்லெஸ் டயர்களும் அதில் கலந்து வரும். பள்ளங்களுக்கு நடுவே கத்தியால் கீறியது போல மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடும், தொட்டால் மெத்தென்றிருக்கும். பனிக்கும் பனிக்கட்டிக்கும் ஏற்ற ரப்பர் அது. இங்கே வெயிலில் சீக்கிரம் கரையும், மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் தள்ளி நிற்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ப்ரோபாக்ஸ் வேன் வைத்திருப்பவர்கள் டயரில் எல்.டி. (LT) என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பெனி அதற்குப் போட்டு அனுப்புவது சரக்கு தாங்கும் டயர்; அளவு பொருந்துகிறது என்று சாதாரண கார் டயரை மாட்டினால் மூட்டை ஏற்றும்போது தாங்காது.

பஜாருக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால், மூன்று வருடத்துக்கு உட்பட்ட ஜப்பான் டயர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். புது சீன டயரை நான் நகருக்குள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். அங்கே குறையில்லை, சத்தம்தான் கொஞ்சம் கூட. தூரப் பயணத்துக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவு எனக்கு அனுபவம் இல்லை.

எதை வாங்கினாலும் காற்றைக் கவனிக்காவிட்டால் புது டயரும் கெடும். காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், அந்தச் சூடுதான் டயரைக் கொல்லும். மாதம் ஒருமுறையும் தூரப் பயணத்துக்கு முன்னும், காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் ஜப்பான்காரர்கள் கிலோபாஸ்கலில் எழுதியிருப்பார்கள். 240 என்றால் 35 பவுண்டு. ஓடிச் சூடான டயரில் நாலைந்து பவுண்டு ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

நாலும் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் இரண்டு புதியதை வாங்கிப் பின்னால் போடுங்கள். கடையில் முன்னால்தான் மாட்டப் பார்ப்பார்கள். மழைத் தண்ணீரில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகிய கைக்கும் திருப்ப முடியாது. ஸ்டெப்னியின் நாலு இலக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். காரோடு ஜப்பானிலிருந்து வந்ததாக இருந்தால் பெரும்பாலும் காரின் வயதுதான் அதற்கும்.