ரெய்ஷி கேப்ஸ்யூல் கேட்டோம், தானிய மாவு வந்தது

60 கேப்ஸ்யூல், 1,850 ரூபாய். டப்பாவில் சிவப்பாக மினுங்கும் ரெய்ஷி காளான் படம், கீழே ‘பாலிசாக்கரைடு 40%’ என்று பெரிய எழுத்து (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்தான் பாலிசாக்கரைடு). காளான் வளர்த்து உலர்த்தி விற்கும் எங்கள் குழு இதை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தது. நீங்களும் ஏமாற வேண்டாம்.

ரெய்ஷி, உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும், மரக்கட்டை மாதிரி கெட்டியான காளான். அரைத்தால் பழுப்பாக, நார்நாராக வரும். நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கும்; ட்ரைடெர்பீன் என்ற வேதிப்பொருட்கள் தரும் கசப்பு அது. வந்ததோ வெளிறிய நைஸ் மாவு. கசப்பே இல்லை.

அரை டீஸ்பூன் பொடியைக் கால் டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டோம். சூட்டோடு பார்த்தால் நிறம் நிற்காது. காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் ஐந்தாறு சொட்டு விட்டதும், பக்கத்து டம்ளரில் இருந்த அரிசிமாவுத் தண்ணீர் போலவே கருநீலமாகிவிட்டது. கருநீலம் வந்தால் ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறது என்று அர்த்தம்; காளானில் அது கிடையாது. (சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.)

காளான் வித்து (தானியத்தில் காளான் இழையைப் படரவிட்டுச் செய்யும் விதை) போடுகிறவர்களுக்கு விஷயம் உடனே புரியும். வெந்த தானியத்தில் பூசண இழை படர்ந்ததும், காளான் முளைக்கும் வரை காத்திருக்காமல், தானியத்தோடு காயவைத்து அரைத்துவிடுகிறார்கள். வித்துப் பாக்கெட்டை அரைத்து விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டார்ச்சும் ஒரு பாலிசாக்கரைடு என்பதால் அந்த 40% கணக்கில் பொய் இல்லை. மோசடி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. காளானின் செல் சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடான பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று கேட்டோம். பதில் இல்லை. சீல் உடைத்த டப்பாவுக்குப் பணமும் தர மாட்டார்களாம்.

அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷி தயாரிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளுக்குப் பொருந்தியவை ஐந்தே.

வாங்குமுன் பீட்டா குளுக்கான், ஆல்ஃபா குளுக்கான் (ஸ்டார்ச் இந்த வகை) இரண்டும் தனித்தனியாகப் போட்ட லேப் ரிப்போர்ட் கேளுங்கள். அதிலுள்ள பேட்ச் எண் டப்பாவோடு ஒத்துப்போக வேண்டும். காளான் காட்மியம், ஈயம் போன்றவற்றை உறிஞ்சும் என்பதால் கன உலோகச் சோதனையும் அவசியம். அயோடினில் நீலம் வரவில்லை என்பதற்காக நல்ல சரக்கு என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும்.

‘சர்க்கரை குணமாகும், கேன்சர் கரையும்’ என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருட மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படியே குற்றம். அதை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அசல் ரெய்ஷியாகவே இருந்தாலும், டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம், ரத்தக்கசிவு கூடலாம்.