காலனி ஆட்சியா, தலைவருங்களா, வைரமா: ஆப்பிரிக்க நாடுகள்ல ஆட்சி கெட்டது எதனால?

ஆப்பிரிக்காவப் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு பதில் ரெடியா இருக்கும். "எல்லாம் வெள்ளைக்காரன் பண்ணிட்டுப் போன வேலை"ன்னு ஒருத்தர் சொல்வார், "அவன் போயி 60 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அவனையே சொல்லிட்டிருந்தா எப்படி, இவங்க தலைவருங்க தானே சுரண்டித் தின்னாங்க"ன்னு இன்னொருத்தர் சொல்வார். இதுக்கு நடுவுல, எண்ணெயும் வைரமும் கெடச்ச நாடு உருப்படாதுன்னு ஒரு கட்சி, ஸ்கேல் வச்சு கோடு போட்டு ஒத்துப்போகாத இனங்கள ஒரே நாட்டுக்குள்ள அடைச்சதால தான்னு ஒரு கட்சி, சுதந்திரத்துக்கு அப்புறமும் அமெரிக்காவும் பிரான்சும் பின்னாடி இருந்து ஆட்டி வச்சாங்கன்னு ஒரு கட்சி. 54 நாட்டயும் ஒரே மூட்டையா கட்டிப் பேசினா எந்தக் கட்சியும் ஜெயிச்சுடும். அதனால காங்கோவையும் போட்ஸ்வானாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுநடுவுல வேற சில நாட்டயும் இழுத்து, எது எவ்வளவு தூரம் நிக்குதுன்னு பாக்கலாம்.

எல்லைக்கோடு வாதத்த முதல்ல முடிச்சிடறேன், ஏன்னா எனக்கு அது ரொம்ப பலவீனமாத் தெரியுது. 1884-85 பெர்லின் மாநாட்டுல ஒரு ஆப்பிரிக்கர் கூட இல்லாம கண்டத்தப் பங்கு போட விதி வகுத்தாங்க, அது அநியாயம் தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா சோமாலியாவப் பாருங்க, பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம், அப்படி இருந்தும் 1969ல ஆட்சியப் புடிச்ச சியாத் பாரே 1991ல ஓடினப்போ அரசாங்கம்னு ஒன்னு மிச்சமே இல்லாம போச்சு. தான்சானியாவுல 120க்கு மேல இனங்கள், அங்க உள்நாட்டுப் போர் வரல. ருவாண்டாவுல ஹுட்டுவும் டுட்சியும் பேசுறது ஒரே கின்யருவாண்டா தான், 1930கள்ல அடையாள அட்டையில இனத்த எழுதி, அது மாறவே மாறாத மாதிரி ஆக்குனது பெல்ஜியம் ஆட்சி. அதனால கோடு எங்க போட்டாங்கங்கறத விட, கோட்டுக்குள்ள எப்படி ஆண்டாங்கங்கறது தான் முக்கியம்.

சரி, காலனி வாதத்துக்கு வருவோம், இதுல நெறைய நேரம் நிக்கணும். காங்கோ 1885லேர்ந்து 1908 வரைக்கும் ஒரு நாட்டுக்குக் கூட சொந்தமில்ல, பெல்ஜியம் ராஜா லியோபோல்ட்ங்கற ஒத்த மனுஷனோட சொத்து. ரப்பர் இவ்வளவு கொண்டு வரணும்னு ஊருக்கு ஊர் கணக்கு, கொண்டு வரலன்னா வீட்டுப் பொம்பளைங்கள பணயமா அடைச்சு வைக்கறது, கைய வெட்டறது. அதுக்கப்புறம் பெல்ஜியம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு. கொடுமை குறைஞ்சுது, ஆனா ஆள வளத்து விடல. லோவானியம் யூனிவர்சிட்டி தொடங்குனதே 1954ல, சுதந்திரம் 1960 ஜூன் 30. அன்னைக்கு ஒன்னரை கோடி கிட்ட ஜனம் இருந்த நாட்டுல பட்டதாரிங்க 20 பேருக்கும் கம்மி, ராணுவத்துல ஆபீசர் ரேங்க்ல காங்கோக்காரர் ஒருத்தர் கூட கெடையாது. சுதந்திரம் வந்த அதே வாரத்துல பெல்ஜியக்காரத் தளபதி ஜான்சென்ஸ், கரும்பலகையில "சுதந்திரத்துக்கு முன்னாடி = சுதந்திரத்துக்குப் பின்னாடி"ன்னு எழுதி சிப்பாய்ங்களுக்குக் காட்டினாரு. அந்த ஒரு சமன்பாட்டப் பாத்துட்டு அவங்க எப்படி சும்மா இருப்பாங்க, உடனே கலகம் வெடிச்சுது. ஜூலை 11ம் தேதி செம்பு வெளையற கட்டாங்கா மாகாணம் தனியா போறேன்னு அறிவிச்சிடுச்சு, சுதந்திர நாடுன்னு ரெண்டு வாரம் கூட முழுசா இருக்கல.

படிப்பு குடுக்கல, பதவி குடுக்கலங்கறதோட காலனி ஆட்சி பண்ண கெடுதல் முடிஞ்சுடல, அத விடப் பெருசு ஒன்னு இருக்கு. தலைவரக் கேள்வி கேக்கற பழக்கம் எங்கெல்லாம் இருந்துச்சோ அத அறுத்து விட்டாங்க. தென்கிழக்கு நைஜீரியாவுல இக்போ மக்கள்ல பல இடத்துல ராஜான்னு ஒருத்தரே கெடையாது, ஊர்க்கூட்டத்துல பேசி முடிவெடுப்பாங்க. பிரிட்டிஷ்காரங்களுக்கு வரி வசூலிக்க ஒரு ஆள் வேணும், அதனால யாரோ ஒருத்தர் கையில ஒரு வாரண்ட் காகிதத்தக் குடுத்து "நீ தான் தலைவர்"ன்னு உக்கார வச்சாங்க. அந்த ஆளுக்கு ஊர்க்காரங்க தயவு எதுக்கு, அவரு பதில் சொல்ல வேண்டியது வெள்ளைக்கார அதிகாரிக்கு மட்டும் தானே. 1929ல பொம்பளைங்களுக்கும் வரி போடப் போறாங்கன்னு சேதி பரவுனப்போ ஆயிரக்கணக்கான பெண்கள் தலையில இலையச் சுத்திக்கிட்டு அந்த வாரண்ட் தலைவருங்க வீட்ட வளைச்சு உக்காந்து பாட்டுப் பாடி, "தொப்பியக் கழட்டிக் குடு"ன்னு கேட்டாங்க, ஏன்னா தொப்பி தான் பதவிக்கு அடையாளம். துப்பாக்கிச் சூட்டுல 50 பேருக்கு மேல செத்தாங்க. மேல இருக்கறவனத் திருப்திப்படுத்தினா போதும், கீழ இருக்கறவனக் கேக்க வேண்டாம்ங்கற அதிகாரம் அப்படி ஊருக்குள்ள நுழைஞ்சுது, சுதந்திரம் வந்தப்போ அது தானா வெளிய போயிடல.

இப்போ போட்ஸ்வானா. 1966 செப்டம்பர் 30ல சுதந்திரம் வந்தப்போ மொத்த நாட்டுலயும் தார் ரோடு 12 கிலோமீட்டர், பட்டதாரிங்க 22 பேர் (ஜனமே 6 லட்சம் கிட்ட தான், அதனால காங்கோவோட அப்படியே சமமா வைக்க முடியாது, ஆனாலும் ஏழ்மையில பெரிய வித்தியாசம் கெடையாது). பிரிட்டிஷ் நிர்வாகம் நடந்தது மாஃபெகிங்ல, அது தென்னாப்பிரிக்காவுல இருக்கற ஊரு, அதாவது நாட்டோட தலைநகரமே நாட்டுக்கு வெளிய! 1895ல பிரிட்டிஷ் முதலாளி செசில் ரோட்ஸோட கம்பெனி கையில நாடு போயிடுமோன்னு பயந்து மூணு தலைவருங்க லண்டன் வரைக்கும் போயி ஆதரவு திரட்டி பெரும்பகுதியத் தடுத்துட்டு வந்தாங்க. எடுக்க ஒன்னும் இல்லன்னு நெனச்சு பிரிட்டிஷ்காரங்க அந்த மண்ண ஆழமாத் தோண்டல. அதனால கோட்லான்னு அவங்க சொல்ற ஊர்க்கூட்டம் அழியாம தப்பிச்சுது. தலைவர் வீட்டுப் பக்கத்துல மரக்கம்பம் நட்டு அரைவட்டமா வேலி, அதுக்குள்ள சின்ன முக்காலியில உக்காந்து தலைவர் எதிர்லயே அவரு பண்ணது தப்புன்னு சொல்லலாம். "கோட்லாவுல சொல்ற சொல்லெல்லாம் அழகு தான்"னு அவங்ககிட்ட பழமொழியே இருக்கு, யார் என்ன பேசினாலும் குத்தம் இல்லன்னு அர்த்தம். (பெண்களுக்கு ரொம்ப காலம் அங்க இடமில்லாம இருந்துச்சு, அதையும் சொல்லிடணும்.)

அதனால காலனி வாதத்த "காலனி ஆட்சி இருந்துச்சா இல்லையா"ன்னு கேட்டா பதில் வராது, ரெண்டு நாட்டுலயும் இருந்துச்சு. அந்தக் கை எவ்வளவு ஆழமாப் போச்சு, எத அழிச்சுதுன்னு கேட்டா தான் பதில் வருது.

தலைவருங்க வாதத்துக்கும் வலு இல்லாம இல்ல. போட்ஸ்வானாவோட முதல் ஜனாதிபதி செரெட்சே காமா, லண்டன்ல ரூத் வில்லியம்ஸ்ங்கற வெள்ளைக்காரப் பொண்ணக் கல்யாணம் பண்ணதுக்காக பிரிட்டிஷ் அரசாங்கமே வருஷக்கணக்கா ஊருக்குள்ள விடாம வச்சிருந்த மனுஷன், பாமங்வாட்டோ இனத்தோட பட்டத்து வாரிசு. 1967ல ஓராபாவுல வைரம் கெடச்சுது, அதுவும் அவரோட சொந்த இனத்து நெலத்துல. அவரு ஆட்சியில அதே வருஷம் வந்த சட்டப்படி கனிம உரிமை எல்லாம் இனக்குழுங்ககிட்டேர்ந்து நாட்டுக்குப் போச்சு. தேன் எடுக்கறவன் புறங்கைய நக்காம இருப்பானான்னு நம்மூர்ல சொல்வோம், இங்க தேன்கூடே தன் வீட்டுல இருக்கு, அத எடுத்து ஊருக்குப் பொதுவா வச்சாரு. அப்புறம் 1970கள்ல டி பியர்ஸ் வைரக் கம்பெனியோட பேசிப் பேசி சுரங்கத்துல அரசாங்கப் பங்க 15 சதவீதத்துலேர்ந்து 50க்கு ஏத்துனாங்க. ஆளு தயாராகற வரைக்கும் வெளிநாட்டு அதிகாரிங்களயும் அவசரப்பட்டு அனுப்பல, அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்ட திட்டு கொஞ்சமில்ல.

இந்தப் பக்கம் காங்கோவுல மொபுட்டு. 1965 நவம்பர்ல ஆட்சியப் புடிச்சாரு, 1973 நவம்பர் 30ல வெளிநாட்டவரோட கடை, தோட்டம், சின்ன கம்பெனி எல்லாத்தையும் நாட்டு மக்களுக்குக் குடுக்கறேன்னு அறிவிச்சு, தனக்கும் தன் ஆளுங்களுக்கும் பிரிச்சுக்கிட்டாரு. கடை கெடச்சவன் இருந்த சரக்க வித்து காசாக்கிட்டு பூட்டிட்டுப் போனான், அலமாரி காலி. சொந்த ஊர்ப் பக்கம் பாடோலிட்டெல காட்டுக்கு நடுவுல மாளிகை, கான்கார்ட் விமானம் எறங்கற அளவுக்கு ரன்வே. வாத்தியாருக்கும் சிப்பாய்க்கும் சம்பளம் வராது, அதுக்கு மக்கள் வச்ச பேரு "பிரிவு 15". சட்டத்துல அப்படி ஒன்னும் கெடையாது, "நீயே பாத்துக்கோ"ன்னு அர்த்தம். வாத்தியார் பசங்ககிட்ட காசு கேக்கறதும் சிப்பாய் ரோட்டுல கம்பு போட்டு மறிக்கறதும் அந்தப் பிரிவுல தான் வரும். மேல இருக்கறவன் திங்கறான், கீழ இருக்கறவன் வாழறதுக்காகப் பறிக்கறான், இது ரெண்டையும் "ஊழல்"னு ஒரே பேர்ல எழுதறது எனக்கு மனசு ஒப்பல.

ஆனா தலைவர் வாதம் ஒரு எடத்துல நின்னுடுது. ஒரு திருடன் 32 வருஷம் எப்படி உக்காந்திருக்க முடிஞ்சுது? இதுக்கு வெளிநாட்டுக் கட்சிகிட்ட தான் பதில் இருக்கு, இத நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மியாப் பேசறாங்கன்னு எனக்கு வருத்தம். மக்கள் ஓட்டுல வந்த பிரதமர் லுமும்பாவ பதவியிலேர்ந்து தள்ளி, கட்டாங்காவுக்குக் கொண்டு போயி 1961 ஜனவரி 17ல சுட்டுக் கொன்னாங்க, பெல்ஜியம் ஆளுங்க அந்த எடத்துலயே இருந்தாங்க. அவரு உடம்புல மிஞ்சின ஒரே ஒரு பல்ல பெல்ஜியம் திருப்பிக் குடுத்தது 2022ல. அமெரிக்காவுக்கு கம்யூனிஸ்ட் இல்லாத ஆள் வேணும், மொபுட்டு கெடச்சாரு. 1978ல சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) அனுப்பி காங்கோ மத்திய வங்கியில உக்காந்த ஜெர்மன் அதிகாரி ப்ளூமென்தால், குடுத்த கடன் திரும்பி வர வாய்ப்பே இல்லன்னு அறிக்கையே எழுதினாரு, அது 1982ல வெளியவும் வந்துடுச்சு. அதுக்கப்புறமும் கடன் குடுத்தாங்க! தெரிஞ்சே குடுத்தாங்க. 1997ல மொபுட்டு ஓடினப்போ 1,000 கோடி டாலருக்கு மேல கடன், அது முழுக்க காங்கோ மக்கள் தலையில. பனிப்போர் முடிஞ்சு காசு நின்ன உடனே அந்த ஆட்சி ஆட்டம் கண்டுடுச்சுங்கறத வச்சே, தாங்கிப் புடிச்சிருந்தது எதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

அதுக்காக எல்லாத்தையும் வெளிய தள்ளிட முடியாது, கினி அதுக்கு சாட்சி. 1958 செப்டம்பர்ல பிரான்ஸ் தலைவர் டி கால் முகத்துக்கு நேரா, பிரான்சோட சேர்ந்த கூட்டமைப்பு "வேண்டாம்"னு ஓட்டுப் போட்ட ஒரே பிரெஞ்சு ஆப்பிரிக்க நாடு, கோவத்துல பிரெஞ்சு அதிகாரிங்க போன் வரைக்கும் புடுங்கிட்டுப் போனாங்க. அவ்வளவு தைரியமா நின்ன அதே கினி தலைவர் செக்கூ தூரே போய்ரோ சிறை முகாம்ல தன் சொந்த மக்களப் போட்டு வதைச்சாரு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்போட முதல் பொதுச்செயலாளர் தியாலோ டெல்லி 1977ல அங்க தான் சோறு தண்ணி குடுக்காமக் கொல்லப்பட்டாரு. அத யாரும் பாரிஸ்லேர்ந்து பண்ணச் சொல்லல.

வைரம், எண்ணெய் சாபம்ங்கற வாதத்துக்கு போட்ஸ்வானா ஒன்னே போதும் மறுப்பு சொல்ல, ஆனா எண்ணெய் கெடச்ச எக்குவடோரியல் கினியில 1979லேர்ந்து ஒபியாங்கே ஜனாதிபதியா உக்காந்திருக்கறதப் பாத்தா ஒரேயடியா தள்ளிடவும் முடியல. வளம் எப்போ வந்துச்சுங்கறது தான் விஷயம்னு தோணுது. போட்ஸ்வானாவுல வைரம் வர்றதுக்கு முன்னாடியே ஆளுறவங்கள்ல நெறைய பேரு மாடு வளக்கறவங்க, அவங்களுக்கே ரோடும் மாட்டாஸ்பத்திரியும் இறைச்சிக்குச் சந்தையும் வேணும், அதாவது நாடு நல்லா இருந்தா தான் அவங்க பொழப்பும் நல்லா இருக்கும்.

காலனியும் தலைவரும் கை கோக்கற எடம் பாக்கணும்னா கானாவோட கோகோ போர்டு. 1947ல பிரிட்டிஷ் ஆட்சி வச்சது, விவசாயி மூட்டையப் போர்டுக்கு மட்டும் தான் விக்கணும், விலை அவங்க சொல்றது தான், உலகச் சந்தையில என்ன விலைக்குப் போனாலும் சரி. 1957ல சுதந்திரத்தோட நிக்ருமா ஆட்சி வந்துச்சு, அவரு போர்ட கலைக்கல, அப்படியே வச்சுக்கிட்டாரு, அதுக்கப்புறம் வந்த ராணுவ ஆட்சிங்களும் வச்சுக்கிட்டாங்க, ஏன்னா யாரையும் கேக்காம காசு வர்ற குழாய் அது. விவசாயி என்ன பண்ணுவாரு, மூட்டையத் தலையில வச்சு ராத்திரியில ஐவரி கோஸ்ட் பக்கம் கடத்தினாரு, மரத்தப் பாக்காம விட்டாரு. 1960கள் நடுவுல 5 லட்சம் டன்னுக்கு மேல இருந்த கோகோ 1983-84ல 2 லட்சம் டன் கூட இல்ல.

என் கணக்குல வரிசை இது தான்: கேள்வி கேக்காத அதிகாரத்தக் கட்டிக் குடுத்தது காலனி ஆட்சி, அது முதல் காரணம். அத ஒடைக்காம உக்காந்து அனுபவிச்ச தலைவருங்க ரெண்டாவது, ஆனா வெளிக்காசு இல்லன்னா அவங்கள்ல பல பேரு இவ்வளவு நாள் தாங்கியிருக்க மாட்டாங்க, அதனால தலைவருங்களயும் வெளிக்காசயும் பிரிக்க எனக்கு முடியல. வளம், எல்லைக்கோடு எல்லாம் அதுக்குப் பின்னாடி தான். "அவங்களுக்கு ஆளத் தெரியாது"ன்னு சொல்றவங்க ஒரு தடவ அந்த கோட்லாவ நெனச்சுப் பாக்கணும், நாம வெளியிலேர்ந்து கத்துக் குடுக்கறதுக்கு முன்னாடியே அங்க அது இருந்துச்சு.

போட்ஸ்வானாவ சொர்க்கம்னும் நெனச்சுக்க வேண்டாம். கலஹாரியில சான் மக்கள அவங்க மண்ணுலேர்ந்து வெளியேத்துனாங்க, 2006ல ஹைகோர்ட் தான் அது சட்டவிரோதம்னு சொல்லிச்சு. பணக்காரன் ஏழை இடைவெளி உலகத்துலயே மோசமான நாடுங்கள்ல அதுவும் ஒன்னு. ஒரே கட்சி 58 வருஷம் ஆண்டுச்சு. 2024 அக்டோபர் 30ல தேர்தல் வந்துச்சு, வைரம் விக்கல, பசங்களுக்கு வேலை இல்ல, ஆளுங்கட்சிக்கு கெடச்சது 4 சீட்டு. ரெண்டே நாளுக்குள்ள ஜனாதிபதி மசீசி தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோகிட்ட பதவியக் குடுத்துட்டு எறங்கினாரு.