விழித்திரைச் செல்லின் உருவமும் வேலையும்: எந்த முறை எதற்கு?

கேங்லியான் செல் (விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்) எந்த ஒளிக்கு மின்துடிப்பு எழுப்புகிறது, அதன் கிளைகள் எந்த அடுக்கில் விரிகின்றன என்ற இரண்டும் ஒரே செல்லில் தெரிய வேண்டும். மதுரையில் புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்குப் பேட்ச் கிளாம்ப் (பிப்பெட் என்ற நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லில் ஒட்டி மின்துடிப்பை அளக்கும் முறை) பதிவோடு சாயம் ஏற்றும் பழைய முறையே போதும்.

சுண்டெலி விழித்திரையை மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்து, கேங்லியான் பக்கம் மேலே இருக்க விரித்து, 32–35 டிகிரி ஏம்ஸ் கரைசலை (விழித்திரையை உயிரோடு வைக்கும் உப்பு, சத்துக் கரைசல்) ஓடவிடுங்கள். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு குமிழி நிற்கக் கூடாது. நின்றால் பிஎச் 7.4-ஐத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் ஹீட்டர் நின்றால் சமாளிக்கலாம், பம்ப் நின்றால் போச்சு. யுபிஎஸ்ஸில் முதலில் பம்பை மாட்டுங்கள்.

செல்லை மூடியிருக்கும் விழித்திரையின் உள் எல்லைச் சவ்வை (செல்லின் சொந்தச் சவ்வை அல்ல) வெறும் பிப்பெட்டால் கிழித்துவிட்டு, நியூரோபயோட்டின் (செல்லை நிரப்பி உருவம் காட்டும் அடையாளப் பொருள்) கலந்த 4–8 மெகாஓம் பிப்பெட்டை இறக்க வேண்டும். அழுத்தம் கொடுத்தபடி அங்கேயே தாமதித்தால் சாயம் கொட்டி, சுற்றுப்புறம் முழுக்க ஒளிரும். பதிவு முடிந்ததும் வெடுக்கென்று இழுத்தால் செல் உடலே பிப்பெட்டோடு வந்துவிடும். மெல்ல, சாய்வாக விலக்குங்கள். பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி நேரம், அடுத்து நியூரோபயோட்டினில் ஒட்டி ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின் சாயம். ஆழம் அளக்க, ஸ்டார்பர்ஸ்ட் செல்களின் (நட்சத்திரம்போல் கிளை விரிக்கும் விழித்திரை நரம்புச் செல்கள்) கிளைகள் காட்டும் இரட்டைக் கோடுகளே அளவுகோல். கவர் கிளாஸ் அழுத்தித் திசு சுருங்கினாலும் அந்தக் கோடுகளும் கூடவே சுருங்குவதால் கணக்கு பெரிதாகத் தப்பாது. நியூரோபயோட்டின் சிறிய மூலக்கூறு. செல்களை நேரடியாக இணைக்கும் நுண்துளைகளான இடைச்சந்திகள் வழியே பக்கத்துச் செல்லுக்கும் போகும். அது வேண்டாமென்றால் லூசிஃபர் மஞ்சள் என்ற சாயம்.

பல மின்முனைத் தகடு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான செல்களைக் கேட்கும். ஆனால் செல் உடல் இருக்குமிடமும் ஆக்ஸான் (செய்தி கொண்டுபோகும் நீள இழை) போகும் வழியும்தான் அதில் தெரியும், கிளைகள் தெரியாது. எண்ணிக்கைக்கு அது, உருவத்துக்கு அல்ல.

யாரோடு யார் இணைகிறார்கள் என்ற கேள்விக்குக் கால்சியம் படப்பிடிப்பும் (செல் இயங்கும்போது உள்ளே ஏறும் கால்சியத்தை ஒளியாகக் காட்டும் முறை) எலக்ட்ரான் நுண்ணோக்கியும் சேர்ந்த முறைதான் பதில் சொல்லும். பிரிக்மன், ஹெல்ம்ஷ்டேட்டர், டெங்க் மூவரும் 2011-இல் இதைச் செய்தனர்: அசைவின் திசை அறியும் கேங்லியான் செல்களை முதலில் இருஃபோட்டான் நுண்ணோக்கியில் அடையாளம் கண்டு, அதே திசுவை மிக மெல்லிய சீவலாகச் சீவிப் படமெடுத்தனர். ஸ்டார்பர்ஸ்ட் கிளைகள் கேங்லியான் செல் எந்தத் திசையை அறிவது என்று பார்த்துத்தான் இணைகின்றன என்பது அதில் தெரிந்தது. இரண்டு படங்களையும் பொருத்த இரத்தக் குழாய்களே அடையாளக் கற்கள். குழாய்களைப் படமெடுக்க மறந்தால் அத்தனையும் வீண். கால்சியம் மெதுவானது, தனித்தனித் துடிப்பின் நேரம் கிடைக்காது. கிளை தொடரும் வேலையோ மாதக்கணக்கில் இழுக்கும்.

நெல்பேட்டைக் கறிக்கடை ஆட்டுக் கண் கை பழக நல்லது: கண்ணுக்குள் இருக்கும் கூழான விட்ரியஸைச் சுத்தமாக நீக்க, விழித்திரையைக் கிழியாமல் எடுக்க. ஒளிப் பதிவுக்கு உதவாது. ஆக்சிஜன் இல்லாமல் உள்ளடுக்குகளின் துடிப்பு சீக்கிரமே அடங்கிவிடும். இறந்து சில மணி நேரம் கழித்துக் கண் வங்கிக்கு வரும் கண்ணும் உருவம் பார்க்க மட்டுமே.