கும்பகோணத்து மரச்செக்குக் கடலை எண்ணெய்

கும்பகோணம் கடைத்தெருவில் உள்ள இந்த மரச்செக்குக் கடையில் கடலை எண்ணெயைக் கண்ணெதிரே ஆட்டித் தருகிறார்கள். விலை பாமாயிலைவிடக் கூடுதல்தான். மணமும் ருசியும் அதற்குத் தகும்.

நான் பாமாயிலை விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தரும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும், மரம் ஏற்றும் லாரிகளுக்காக மழைக்காட்டுக்குள் போடப்பட்ட பாதைகள் வழியே எண்ணெய்ப்பனைத் தோட்ட நிறுவனங்கள் நுழைந்தன. பறித்த பழக்குலைகளை ஓரிரு நாளில் ஆலைக்குச் சேர்த்தாக வேண்டியிருப்பதால், ஆலையைச் சுற்றிச் சாலைகளும் சாலைகளை ஒட்டித் தோட்டங்களும் பெருகிக் காடு துண்டுதுண்டாயிற்று. நம் டெல்டாவில் வாய்க்கால் வயலுக்கு நீர் கொண்டுவருகிறது. அங்கோ சதுப்புக் காட்டில் வெட்டிய வாய்க்கால்கள் நீரை வடித்து, 2015இல் பெருந்தீ பரவுமளவுக்கு நிலத்தை உலர்த்தின.

கடையில் ஒரே குறை, கசடு தெளியுமுன் ஊற்றித் தருவது. வீட்டில் தெளியவைத்துப் பயன்படுத்துங்கள்.