மாம்பழத்தை யார் பிரிப்பது?

ஒரே ஒரு மாம்பழம், இரண்டு பிள்ளைகள். அம்மாவே பங்கு போட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் தராசில் நிறுத்துக் கொடுத்தாலும் "அவனுக்குத்தான் பெரிசு" என்ற குரல் வராமல் இருக்காது. கோபம் தீர்ப்பு சொன்னவர் மேல் திரும்பும். அடுத்த பழத்துக்கும் பஞ்சாயத்து அம்மாவிடம்தான்.

இன்னொரு வழி, ஒருவர் பிரிக்க, மற்றவர் முதலில் எடுப்பது. மிச்சம்தான் தனக்கு என்பதால் பிரிப்பவரின் கை தானாகவே நிதானமாகும். கொட்டைப் பக்கம் சதை குறைவு, சரி, அதோடு ஒரு துண்டு சேர்க்கலாமா என்று யோசிப்பார். தங்கைக்குக் கொட்டையைச் சப்பத்தான் ஆசை என்பது அம்மாவைவிட அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று பிள்ளைகள் என்றால் சிக்கல்தான். போலந்துக் கணிதவியலாளர் ஹூகோ ஸ்டைன்ஹாஸ் 1940களில் அதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார்.

முதல் சில தடவை நேரம் பிடிக்கும், சத்தமும் இருக்கும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். கத்தியை மட்டும் சின்னவர்களிடம் கொடுக்க வேண்டாம். நாம் துண்டு போட்டுத் தந்தால், இரண்டு தட்டாகப் பிரிப்பது அவர்கள் பாடு. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் மட்டும் நானும் பழைய அம்மாதான்.